என் குப்பியில் இருந்த பாஷாணம்

போன வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர், இறாலிலும் கருவாட்டிலும் ஆர்சனிக் இருக்கிறதாமே, தின்னலாமா ஐயா என்று கேட்டார். தின்னலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசு ஆறவில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் போனதால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை உங்களிடம் மறைத்துவிட்டு வந்தது போல இருந்தது. ஆகையால் எழுதுகிறேன். நான் நிலையாக உட்கார்ந்து எழுதுகிற ஆள் இல்லை. இரண்டு வரி எழுதினால் எழுந்து நாலு நடை நடப்பேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலம். மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை பட்டாளத்துக்கே போதவில்லை. கொல்லிமலைக்கு யார் அனுப்புவார்கள்? மலைக்காய்ச்சலோ ஆளைக் கேட்டுக்கொண்டா வருகிறது. கொசுவை அதன் குஞ்சிலேயே கொல்வது என்று முடிவாகி, ஓடைகளிலும் ஊற்றுக்குழிகளிலும் பச்சைப் பொடி தூவ ஒரு குழுவை அமர்த்தினார்கள். அந்தப் பொடியில் தாமிரமும் ஆர்சனிக்கும் உண்டு. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் பாஷாணம். ஒரு பங்குப் பொடிக்கு நூறு பங்கு புழுதி கலந்து, தேங்கிய தண்ணீர்மேல் லேசாகத் தூவ வேண்டும். கலவை அளவோடு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பட்டணத்திலிருந்து குப்பிகள், அமிலம், சாராய அடுப்பு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்து, அடிவாரத்தில் சேந்தமங்கலத்துப் பயணியர் பங்களாவில் கடை விரித்திருந்தேன்.

பொடி தூவியவர்கள் மலையாட்களே. அவர்களில் பொன்னன் என்று ஒருவன், மலையில் பைல் நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூர்க்காரன். ஊர்ப் பெயர் வேண்டாம். முப்பது வயதிருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததைச் சொல்லமாட்டான். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, காற்று முதுகில் அடிக்கிற பக்கமாக நின்று தூவுவான். வேலை முடிந்தால் சாம்பல் போட்டு மூன்று முறை கை கழுவுவான். சுத்தத்தில் என்னைவிட அவன் மேல். இதைப் பின்னால் நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் புதுக்கூரை வேய்ந்து விருந்து வைத்தார்கள். விருந்து சாப்பிட்டவர்களில் பதினேழு பேர் வாந்தி எடுத்து, தலை சுற்றி, கை கால் நடுங்கிப் படுத்துவிட்டார்கள் என்று அடுத்த நாள் ஆள் வந்து சொன்னான். பொடி தூவிய ஓடையிலிருந்துதான் விருந்துக்குத் தண்ணீர் மொண்டார்களாம். எங்கள் குழுவின் மேலதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. கம்பவுண்டர் ஒருவரோடு என்னை அன்றைக்கே மலையேற்றினார்.

போய்ப் பார்த்தால் யாரும் சாகிற நிலையில் இல்லை. கூரை வேய்ந்த வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, வரகு அறுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, நனைந்த வரகு கிறக்கம் காட்டும், முன்னும் இப்படி ஆனதுண்டு என்று நிதானமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். குறிப்பேடு கையில் இருந்தது, பென்சிலும் இருந்தது. எழுதவில்லை. பச்சைப் பொடியை மனசில் சுமந்துகொண்டு மலையேறியவனுக்கு வரகு எப்படிக் காதில் ஏறும்?

கூட்டத்தில் யாரோ, பொன்னன் மட்டும் விருந்துக்கு வரவில்லை என்றார்கள். அவன் பெண்டாட்டி வெள்ளையம்மாளுக்கு நிறைமாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவது நிற்க வேண்டுமென்று புருஷனும் பெண்டாட்டியும் குலசாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். அப்படி நேர்ந்துகொண்டவர்கள் பிள்ளை பிறக்கும்வரை மீன், கறி தொடமாட்டார்கள். பிறர் அடுப்பில் வெந்த எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். அது அந்த ஊருக்கே தெரிந்த வழக்கம். தெரிந்திருந்தும் அன்றைக்கு எல்லோருடைய கண்ணும் அவன் வீட்டுப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

படுத்திருந்தவர்களின் சிறுநீர், ஓடைத் தண்ணீர், பொன்னனின் சிறுநீர் எல்லாம் குப்பியில் பிடித்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, மலைத் தண்ணீரே குடிக்காத, பொடியைத் தொடாத ஆளின் குப்பி ஒன்று வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் இருந்தேன். ஆக, ஒப்புக் குப்பி என்னுடையது.

பங்களாவுக்குத் திரும்பிச் சோதனை செய்தேன். எப்படிச் செய்வது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எடுத்த பொருளை முதலில் அமிலத்தில் கருகக் காய்ச்சி, உயிர்ச்சத்து முழுவதையும் அழித்துவிட்டு, அப்புறம் துத்தநாகம் போட்டுக் காகிதத்தில் நிறம் பார்ப்போம். புத்தகம் அப்படித்தான் சொல்லியிருந்தது. ஆர்சனிக் இருந்தால் காகிதம் மஞ்சளாகும். அதிகம் இருந்தால் பழுப்பேறும்.

ஓடைத் தண்ணீர்க் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. படுத்திருந்தவர்களுடையது மஞ்சளும் பழுப்புமாக வந்தது. பொன்னனுடையதில் மஞ்சள் என்று சொல்லலாமா வேண்டாமா என்கிற அளவு. என்னுடையது? அடுப்படிச் சுவர் நிறம். பதினேழு பேரில் ஒருவருக்கும் அத்தனை பழுப்பு இல்லை.

இந்த இடத்தில் நான் எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வந்தேன்.

பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். தண்ணீரில் இல்லையா, ஓடுகிற தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும். பொன்னனிடம் குறைவா, அவன் விருந்தில் சாப்பிடவில்லை. என்னுடையதில் அதிகமா, குப்பி அழுக்காக இருந்திருக்கும். மறுபடி செய்து பார்த்திருக்கலாம். மேலதிகாரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்; சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். என் காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நோயுற்றவர்களின் சிறுநீரில் ஆர்சனிக் காணப்படுகிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். பொன்னன் பெயர் அதில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த ஒரு வரி என்னைவிட வேகமாக மலையேறியது. பைல் நாட்டுப் பட்டக்காரர், அதாவது அங்கே வழக்குத் தீர்க்கிற பெரியவர், ஊரைக் கூட்டி, விருந்தில் பொடியை வைத்தவன் அவன்தான் என்று பொன்னனைத் தள்ளி வைத்துவிட்டார். தள்ளி வைத்தால் நெருப்பு கொடுக்கமாட்டார்கள், தண்ணீர்த் துறையில் சேர்க்கமாட்டார்கள், அவன் வீட்டு வாசலை யாரும் மிதிக்கமாட்டார்கள். பிள்ளை பெறுகிறவளுக்குக் கை கொடுக்க ஒரு பெண்ணும் போகமாட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் பொன்னன் பங்களாவுக்கு வந்து நின்றான். அழுவான், காலில் விழுவான் என்று நினைத்தேன். அவன் கணக்குக் கேட்க வந்தவன் போல நின்றான்.

"ஏனுங்க சாமி, என்னுதுல எவ்வளவு இருந்துச்சுங்க?"

கொஞ்சம்தான் என்றேன்.

"பொடியை நித்தம் கையில அள்ளுறவன் நானுங்க. எனக்குக் கொஞ்சம், தொடாதவங்களுக்கு நெறையன்னா, அது எங்க பொடிதானுங்களா?"

படிப்பும் குப்பிகளும் அமிலமும் வைத்துக்கொண்டு நான் கேட்காத கேள்வி அது. விருந்தில் என்ன சமைத்தார்கள் என்று அப்போதுதான் கேட்டேன். வரகுச்சோறு, அவரை, சேந்தமங்கலம் சந்தையில் வாங்கிப்போன கூனிக் கருவாட்டுக் குழம்பு என்றான். கூனி என்றால் பொடி இறால். உப்போடு காயவைத்து மூட்டை மூட்டையாகக் கடற்கரையிலிருந்து வரும். பங்களாவுக்கு எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் ஒரு வாரமாக நான் வேளை தவறாமல் கேட்டு வாங்கித் தின்றதும் அதே சந்தைக் கூனியில் செய்த தொக்குத்தான்.

கடைக்கு ஓடிப்போய் ஒரு பிடி கூனி வாங்கிவந்து, பொன்னன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சிச் சோதித்தேன். காகிதம் பழுப்பேறிக்கொண்டே போயிற்று. இறாலிலும் சிங்கிறாலிலும் ஆர்சனிக் உண்டென்று வெளிநாட்டில் கண்டிருக்கிறார்கள் என்று பட்டணத்தில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். படித்துவிட்டு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டியவன்தான் நான்.

பொன்னனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "இப்பவே வாங்க சாமி. வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அவளுக்கு நாள் நெருங்கிருச்சுங்க."

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. முதல் தடவை அவசரப்பட்டுக் கெட்டாயிற்று, இந்தத் தடவை கல்லின்மேல் எழுத்தாகச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. கூனியில் ஆர்சனிக் இருக்கிறது என்று மட்டும் போய்ச் சொன்னால், அப்படியானால் கூனிதான் எங்களைக் கவிழ்த்தது என்பார்கள். சந்தை வியாபாரி அடுத்த பொன்னன் ஆவான். அந்த ஆர்சனிக்கும் பொடி ஆர்சனிக்கும் ஒன்றல்ல என்று காட்ட வேண்டும். இரண்டு நாள் பொறு, பதறாத காரியம் சிதறாது என்று பழமொழி சொல்லி அவனை அனுப்பினேன். ஒரு துண்டுச் சீட்டாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். தள்ளி வைத்ததை நிறுத்தி வையுங்கள், என் சோதனையில் சந்தேகம் இருக்கிறது என்று இரண்டு வரி. அது தோன்றவில்லை. எனக்கு முழு விடை வேண்டியிருந்தது. அவனுக்கு அரை விடையே போதுமானதாக இருந்தது.

அந்த இரண்டு நாளில் நான் கண்டது நல்ல விடைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காய்ச்சி அழிக்காமல், எடுத்த பொருளை அப்படியே குப்பியில் விட்டுப் பார்த்தேன். பச்சைப் பொடி ஒரு துளி கலந்தாலும் காகிதம் உடனே நிறம் காட்டியது. கூனிச்சாறு காட்டவில்லை. மீதி வைத்திருந்த நோயாளிகளின் சிறுநீர் காட்டவில்லை, என்னுடையதும் காட்டவில்லை. காய்ச்சினால்தான் எல்லாவற்றிலும் பழுப்பு வந்தது. கடல் உயிர் அந்த ஆர்சனிக்கைத் தன் உடம்புச்சத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. நமக்குள் போயும் அந்த முடிச்சு அவிழ்வதில்லை; வந்த வழி தெரியாமல் ஓரிரண்டு நாளில் வெளியேறிவிடுகிறது. அவிழ்த்தது என் அமிலம். நானே அவிழ்த்துவிட்டு, விஷம் விஷம் என்று நானே கத்தியிருக்கிறேன்.

மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, நான்காவது முறையும் செய்தேன். இருப்புக் கொள்ளாமல் அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்தேன். போதும், கிளம்பு என்று மனசு ஒரு பக்கம் இடித்துக்கொண்டே இருந்தது. அதன் பேச்சை நான் கேட்கவில்லை.

மலையேறியது அதற்கடுத்த நாள். பட்டக்காரர் வீட்டு முன்னால் ஊர் கூடியது. படுத்தவர்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது தப்பு, உங்கள் உடம்பில் கண்டது பொன்னன் தூவிய பொடி அல்ல, உங்கள் எல்லோரையும்விட என் சிறுநீரில்தான் அது அதிகமாக இருந்தது என்று சொன்னேன். பட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு யாருங்க வெச்சது?"

கடல் என்றேன். கூட்டத்தில் கடலைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. கூனியைக் காட்டி, முடிச்சுக் கதையை என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். தின்னலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கள் என்றார். தின்னலாம் என்றேன். உறுதியாகத் தெரியுமா என்றார். கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகத் தின்கிறார்கள், நானும் தின்றுகொண்டிருக்கிறேன், என் சோதனையும் அதையே சொல்கிறது. இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். தெரியாது என்ற வார்த்தைக்குத்தான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. அப்புறம் அவர் சொன்னது:

"நாங்க மொதல்ல வரகுன்னுதானுங்க நெனச்சோம். நனைஞ்ச வரகு கிறக்கும், எங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க கண்ணாடிக் குப்பியில பாத்துச் சொன்னீங்க. அதனால நாங்க நெனச்சத விட்டுப்போட்டோம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பின்னால் அந்த வரகில் மிச்சமிருந்ததைக் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள்; கோழி தள்ளாடியது. அவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் முதல் நாளே நான் ஒரு கோழியை வைத்து முடித்திருக்கலாம்.

தள்ளி வைத்தது நீங்கியது என்று பட்டக்காரர் சொல்லி முடிக்கவில்லை, பெண்கள் நாலைந்து பேர் எழுந்து பொன்னன் வீட்டுக்கு ஓடினார்கள். நானும் பின்னாலேயே போனேன். அவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

முந்தின நாள் மத்தியானம் பிள்ளை பிறந்திருக்கிறது. கால் முன்னால் வந்ததாம். பொன்னன் தன்னந்தனியாக, தெரியாத கையால் எடுத்திருக்கிறான். ஆண் பிள்ளை. அழவே இல்லை. அவனே கொல்லையில் குழி வெட்டிப் புதைத்திருக்கிறான். நாங்கள் போனபோது சாம்பல் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். கை பழகிய ஒருத்தி இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று ஓடி வந்தவர்களில் வயதான ஒருத்தியிடம் கேட்டேன். கால் முன்னால் வந்த இரண்டு பிள்ளைகளை அவளே எடுத்திருக்கிறாளாம். இரண்டும் இப்போது மாடு மேய்க்கின்றன என்றாள்.

முந்தின நாள் மத்தியானம் நான் நான்காவது முறை சோதனை செய்துகொண்டிருந்தேன்.

உங்களுக்குப் பாடம் என்று எதைச் சொல்ல? அவசரப்படாதீர்கள் என்றால், நான் நிதானித்ததால் போன உயிர் குறுக்கே நிற்கிறது. நிதானிக்காதீர்கள் என்றால், என் அவசரத்தால்தானே எல்லாம் ஆரம்பித்தது. ஆர்சனிக் இருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள், எந்த உருவத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். கடலிலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே விடை சொல்லாதீர்கள். ஊர்க்காரன் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், நம்பாவிட்டாலும் எழுதுங்கள். சந்தேகம் வந்தால், விடை கிடைக்கும்வரை காத்திராமல், சந்தேகம் வந்துவிட்டது என்பதை உடனே சொல்லி அனுப்புங்கள். இதெல்லாம் சரிதான். இதையெல்லாம் என் அறிக்கையில் எழுதினேன், என் குப்பியின் நிறத்தையும் சேர்த்து. அதற்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது பெரிதில்லை.

புறப்படுமுன் வீட்டுக்குள் போனேன். வெள்ளையம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டத்தில் சொன்னதை அதற்குள் யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன்.

"உங்களுதுலயும் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

முதல் நாளே தெரியும் என்றேன்.

"அப்பறம் ஏனுங்க மொதல்லயே சொல்லல?"

குப்பி கழுவத் தெரியாதவன் என்று மேலதிகாரி நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவ்வளவு சின்னப் பயம். அதைக்கூட அவளிடம் சொல்லாமல் மலையிறங்கினேன்.